வெள்ளிக்கிழமைப் பத்திரிகைப் பாடம்

யுத்தத்தால் பூட்டிக்கிடந்த ஏ9 பாதை, அதாவது கண்டி–யாழ்ப்பாணம் நெடுஞ்சாலை, 2002 ஏப்ரலில் திறந்த பிறகுதான் வன்னியில் எங்கள் பள்ளிக்கூட நூலகத்துக்கு வெளியூர்ப் பத்திரிகைகள் ஒழுங்காக வரத் தொடங்கின. அதற்கு முன்பு எங்கள் வீட்டுக்கு வீரகேசரி வந்ததென்றால், வவுனியாவுக்குப் போய்வந்த யாரோ சாமான் சுற்றிக் கொண்டுவந்த தாளாகத்தான் இருக்கும். தலைப்பு கிடைக்கும், செய்தியின் மீதி கிடைக்காது. பாதை திறந்ததும் தெற்கே ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி கொழும்புப் பத்திரிகைகளான வீரகேசரி, தினக்குரல், தினகரன் வந்தன. வடக்கே முகமாலைச் சோதனைச்சாவடிப் பக்கமிருந்து யாழ்ப்பாணத்து உதயன். வன்னியிலேயே அச்சான ஈழநாதம் காலையில் மேசைக்கு வந்துவிடும். மற்றவை வர மதியம் திரும்பிவிடும்.

உயர்தரத்தில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த சேர் இதை ஒரு பாடமாகவே ஆக்கிவிட்டார். பாடத்திட்டத்தில் அப்படியொன்று இல்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், நூலகத்து நீள மேசையில் ஒரே நாள் பத்திரிகைகளை வரிசையாக விரிப்பார். "உடன வாசிக்காதையுங்கோ, முதல் அளந்து பாருங்கோ" என்பார். எந்தச் செய்திக்கு எத்தனை பத்தி அகலம், மடிப்புக்கு மேலா கீழா, படம் உண்டா, முதல் பந்தியில் பேசுவது யார் என்று அடிமட்டத்தோடு நின்று கொப்பியில் குறிப்போம். பெடியள் சிலர் அளக்கிற சாட்டில் கிரிக்கெட் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அவர் கண்டும் காணாமல் விடுவார்.

எனக்கு நன்றாக மனதில் நிற்பது 2003 ஜூனில் டோக்கியோவில் நடந்த, இலங்கைக்கு உதவி வழங்கும் நாடுகளின் மாநாடு. புலிகள் ஏப்ரலிலேயே அரசுடனான சமாதானப் பேச்சுகளைத் தற்காலிகமாக நிறுத்தியிருந்தார்கள், மாநாட்டுக்கும் போகவில்லை. நாடுகள் ஏறக்குறைய 450 கோடி டொலர் தருவதாக வாக்களித்தன. ஆனால் அந்தப் பணம் சமாதான முயற்சியின் முன்னேற்றத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஒரு பத்திரிகையில் தொகைதான் தலைப்பு, கொட்டை எழுத்தில். இன்னொன்றில் புலிகள் போகாதது தலைப்பு, தொகை நான்காம் பந்தியில். நிபந்தனையோ ஒன்றில் உள்பக்கத்துத் தொடர்ச்சியின் கடைசி வரிகளில் கிடந்தது. அதைக் கண்டுபிடித்தவள் கடைசி வாங்கில் இருந்த, வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. "இதில பொய் எழுதினது ஆர்?" என்று சேர் கேட்டார். தேடிப் பார்த்தோம், ஒருவரும் இல்லை. "அதுதான் கவனம்" என்றார்.

தினகரன் வெளிவருவது லேக் ஹவுஸிலிருந்து. அந்த நிறுவனம் 1973 முதல் அரசின் பிடியில் இருக்கிறது. ஈழநாதம் புலிகள் இயக்கத்தின் பத்திரிகை. சேர் இரண்டையும் ஒரே அடிமட்டத்தால்தான் அளக்க விட்டார். புலிகளின் கையில் இருந்த அந்த நாளைய வன்னியில் அதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அவர் என்னவோ கணக்குப் பாடம் போல அமைதியாக நடத்தினார்.

மரண அறிவித்தல்களையும் வாசிக்கச் சொல்வார். முதலில் சிரித்தோம். பிறகு பார்த்தால் உதயனில் யாழ்ப்பாணத்து ஊர்களாக வரும், கொழும்புப் பத்திரிகையில் வெள்ளவத்தை முகவரியும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் கனடா, லண்டன், சுவிஸ் என்றும் வரும். ஒரு பத்திரிகை யாருடைய வீட்டுக்குப் போகிறது என்பது அந்தப் பக்கத்தில்தான் தெரியும். அது தெரிந்தால் முதற்பக்கம் ஏன் அப்படி இருக்கிறது என்பதும் பாதி விளங்கிவிடும். எங்கள் பக்கத்துக் குளம் உடைப்பெடுத்தது கொழும்பில் ஏன் நாலு வரி என்று நாங்கள் கோபப்பட்டதற்கு அவர் தந்த பதிலும் அதுதான்.

2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டப்பட்டது. பிறகு மேசையில் ஈழநாதம் மட்டும். தம்பியின் வகுப்புக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. இரவில் வானொலியில் பி.பி.சி. தமிழோசையைக் கேட்டு, காலையில் பேப்பரோடு ஒப்பிட்டுக்கொண்டார்களாம்.

பழக்கம் என்னை விடவில்லை. கனடாவில், ஸ்காபரோவில் தமிழ்க் கடை வாசலில் அடுக்கியிருக்கும் இலவச வாரப் பத்திரிகைகளை இப்போதும் அப்படித்தான் புரட்டுகிறேன். வீடு விற்றுத் தருபவர்களின் சிரித்த முகங்களைக் கழித்துவிட்டால் அளப்பதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை, அது வேறு கதை.

எங்கள் பழைய மாணவர் சங்கம் இந்த ஆண்டு பள்ளிக்கூட நூலகத்துக்கு ஏதாவது செய்ய நினைத்தால், கணினிக்கு முன்பு பத்திரிகைச் சந்தாவை யோசியுங்கள். யாழ்ப்பாணத்தில் அச்சாவது ஒன்று, கொழும்பில் தனியாருடையது ஒன்று, அரசினது ஒன்று. மூன்றும் அன்றன்றே மேசைக்கு வரவேண்டும், மாதக் கடைசியில் கட்டாகக் கட்டி அனுப்பினால் பிள்ளைகள் தொடமாட்டார்கள்.