ரிவர்ஸ் விழாத எட்டு நாள்

2024 ஜூன் 9, ஞாயிறு

மூன்று வாரம் கழித்து வண்டி பொள்ளாச்சிக்குத் திரும்பியது. 2005 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது, இன்றைக்கும் அவர்தான் ஓட்டுகிறார். நீலப் புகை கக்க ஆரம்பித்ததால் இஞ்சினை இறக்கி, பிளாக்கின் சிலிண்டர் ஓட்டைகளை லேத்தில் போர் செய்து அகலமாக்கி, அதற்கேற்ப 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் மூன்றும் போட்டாயிற்று. இஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் செட்டையும் மாற்றச் சொல்லியிருந்தேன்.

புகை சுத்தமாக நின்றுவிட்டது. ஆனால் ரிவர்ஸ் விழவில்லை. பட்டறையிலிருந்து வரும்போதே முதல் கியரை அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. "புது கிளட்ச் தம்பி, ஓட ஓடச் சரியாயிரும்" என்றார் மெக்கானிக் அண்ணன். எங்கள் சந்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை, பின்னால் போய்த்தான் நிறுத்த வேண்டும். அப்பா ரிவர்ஸ் போட்டதும் கர்ரென்று பல் உரசியது. சட்டென்று கையை எடுத்துவிட்டார். கடைசியில் நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் தள்ளி உள்ளே விட்டோம்.

ஜூன் 10, திங்கள்

காலையில் இஞ்சினை அணைத்துவிட்டு கியர்களைப் போட்டுப் பார்த்தேன். நான்கு கியரும் ரிவர்ஸும் வெண்ணெய் மாதிரி விழுகின்றன. இஞ்சின் ஓடும்போது மட்டும்தான் வம்பு. கிளட்சை மிதித்தாலும் கியர் பாக்ஸ் ஷாஃப்ட் இஞ்சினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம். மற்ற கியர்களில் சிங்க்ரோ ரிங் அந்தச் சுற்றலைக் கொஞ்சம் அடக்கிவிடும். ரிவர்ஸுக்கு அது கிடையாது, அதனால் அதுதான் முதலில் கத்தும்.

இந்த வண்டியில் கிளட்சுக்குக் கேபிள்தான். பெடலைக் கையால் அழுத்தினேன், லூஸ் நாலு விரல் வந்தது. கேபிள் நட்டை முறுக்கி ஒரு விரலுக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் தேவலை, ஆனால் ரிவர்ஸ் இன்னும் உரசுகிறது. லூஸே இல்லாமல் முறுக்கிவிடலாம்தான். அப்படிச் செய்தால், மிதிக்கும்போது மட்டும் கிளட்சை அழுத்த வேண்டிய ரிலீஸ் பேரிங் ஓய்வில்லாமல் சுற்றித் தேய்ந்துவிடும். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 12, புதன்

தெரிந்த டிரைவர் ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "சிங்க்ரோ ரிங் போயிருச்சுங்க, கியர் பாக்ஸைப் பிரிச்சிடுங்க" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. புகை விட்டுக்கொண்டு பட்டறைக்குப் போன அன்றுகூட கியர் சுத்தமாக விழுந்தது. யாருமே திறக்காத கியர் பாக்ஸ் மூன்று வாரம் சும்மா கிடந்து எப்படிக் கெடும்?

மாலையில் முன் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, கிளட்சை அடிவரை மிதித்து, பத்து எண்ணிவிட்டு முதல் கியரைத் தள்ளினேன். கிளட்ச் மிதித்தபடியே இருக்க, முன் சக்கரம் நிற்காமல் சுற்றுகிறது. பிரேக்கைத் தொட்டால் இஞ்சின் திணறுகிறது. கிளட்ச் பிளேட், இஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தை விட்டு வரவில்லை, சந்தேகமே இல்லை.

பிளேட் திருப்பிப் போட்டிருக்கலாம், வளைந்திருக்கலாம். எதுவானாலும் கியர் பாக்ஸை இறக்காமல் தெரியாது. மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். சண்டை போடவில்லை. அவரும் "சனிக்கிழமை கொண்டு வா தம்பி, கூட நின்னு பாரு" என்றார்.

ஜூன் 15, சனி

காலையிலிருந்து சாரல். தகரக் கொட்டகைக்கடியில் வேலை. முதலில் கியர் ஆயிலை வடித்தோம். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன். பித்தளைத் துகள் மினுங்கினால் சிங்க்ரோ ரிங் தேய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் மினுங்கவில்லை. நெஞ்சில் பாதி பாரம் இறங்கியது.

பாக்ஸ் இறங்கியது. கிளட்ச் பிளேட் சரியான பக்கம்தான் மாட்டியிருக்கிறது, வளைவும் இல்லை. ஆனால் நடுவிலுள்ள பல்வரிசையில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று உரசல், ஓரத்தில் காப்பித்தூள் நிறத்தில் பொடி. புது பிளேட், ஓடியதோ நூறு கிலோமீட்டர்கூட இல்லை. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் துணியால் பிளாக்கின் முகத்தைத் துடைத்து, விரலை ஓரமாக ஓட்டிக்கொண்டே போனவர், ஒரு ஓட்டையில் நின்றார். எதிர்ப்பக்க ஓட்டையிலும் விரலை வைத்தார்.

"டவல் பின் ரெண்டும் இல்லையே தம்பி."

லேத்துக்குப் போகும்போது பிளாக்கிலிருந்து கழன்றவை திரும்பி வரவே இல்லை. சுண்டுவிரல் நுனி அளவு குழாய்த் துண்டுகள், அவ்வளவுதான். போல்ட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும். கியர் பாக்ஸை இஞ்சினுக்கு நேர் மையத்தில் உட்கார வைப்பது இந்தப் பின்தான். போல்ட் ஓட்டையில் இருக்கும் சிறு இடைவெளிக்குள் பாக்ஸ் ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்துவிட்டது. ஷாஃப்ட் மையத்தில் இல்லாததால் பிளேட் அதன் மேல் வழுக்கி நகர முடியாமல் சிக்கிக்கொண்டது.

கோவை உக்கடத்துக்குப் பஸ் ஏறினேன். பழைய சாமான் கடையில் ஒரு உடைந்த 800 பிளாக்கிலிருந்து இரண்டையும் தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரும் வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

உரசிய பிளேட்டை மாற்றினோம். பழைய ஷாஃப்ட் ஒன்றைச் செருகி மையம் பார்த்து, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். பல்வரிசையில் கிரீஸ் ஒரு தொடுகை மட்டும். அதிகமானால் பிளேட்டில் தெறிக்கும். பாக்ஸின் எடை பிளேட்டில் தொங்காதபடி அடியில் ஜாக்கி. இரண்டு பேர் நேராகப் பிடித்துத் தள்ளினோம். போல்ட் ஒன்றுகூடப் போடாமலே டக்கென்று முகத்தோடு முகம் உட்கார்ந்தது. "போன தடவை போல்ட்டை முறுக்கித்தான் இழுத்தேன். அப்பவே யோசிச்சிருக்கணும்" என்றார் அண்ணன். வேலைக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

புது கியர் ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, கிளட்சை மிதித்தேன். ரிவர்ஸ் விழுந்தது. சத்தமே இல்லை.

ஜூன் 22, சனி

அப்பா, அம்மாவோடு ஆழியாறு வரை போய்வந்தோம். புது பிஸ்டன் என்பதால் வால்பாறை மலை ஏறவில்லை. கேபிள் லூஸை மறுபடி அளந்தேன், அதே ஒரு விரல். திரும்பி வந்ததும் சந்து முனையில் நான் இறங்கிக்கொள்ளப் போனேன். "உட்காரு" என்றார் அப்பா. ரிவர்ஸ் போட்டு, பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, ஒரே வீச்சில் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தினார்.