மார்புத் தசைகளும் அவற்றின் உழைப்பும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் இப்போது ஜிம்முக்குச் செல்கிறார்கள். மார்பு என்றதும் கண்ணாடியில் தெரியும் பெரிய மார்புத் தசை ஒன்றையே அவர்கள் கருதுகிறார்கள். அதன் அடியிலும் பக்கவாட்டிலும் உள்ளவற்றையும் அவர்கள் அறிய வேண்டும் என்னும் ஆவலால் இதை எழுதுகிறேன்.

பெரிய மார்புத் தசை காறையெலும்பின் உட்பாதி, மார்பெலும்பு, மேல் 6 விலா எலும்புகளின் குருத்தெலும்புகள் ஆகியவற்றில் தொடங்கி, தோள் பக்கமாக ஒடுங்கி, பட்டையான தசைநாணாக மேற்கை எலும்பைப் பற்றுகிறது. அந்த நாண் முறுக்கிக்கொண்டு பற்றுவது வியப்புக்குரியது: கீழிருந்து வரும் நார்கள் மேலேயும், மேலிருந்து வருபவை கீழேயும் சேர்கின்றன. கையை உடலோடு அணைப்பதும், மார்புக்குக் குறுக்கே கொண்டுவருவதும், உட்புறமாகத் திருப்புவதும் இதன் வேலைகள். எண்ணெய் தரும் செம்பனை இளமரமாக இருக்கையில் உளியால் பழக்குலையைக் குத்தித் தள்ளும்போதும், உயர்ந்த மரத்தில் நீண்ட கழியில் பொருத்திய அரிவாளைத் தலைக்கு மேலிருந்து வெடுக்கென்று இழுக்கும்போதும் இதே தசைதான் உழைக்கிறது. இழுப்பதில் முதுகின் அகன்ற தசையும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

இதன் அடியில் இருக்கும் சிறிய மார்புத் தசை, 3 முதல் 5 வரையிலான விலா எலும்புகளில் தொடங்கித் தோள்பட்டை எலும்பை முன்னும் கீழுமாக இழுக்கிறது.

பலரும் கவனிக்காமல் விடுவது, விலாப்பக்கத்தில் ரம்பப் பற்களைப் போல் தெரியும் செரேட்டஸ் தசையை. மேல் 8 அல்லது 9 விலா எலும்புகளில் தொடங்கும் அது, விலாக்கூட்டைச் சுற்றிப் பின்னால் சென்று தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் சேர்கிறது. குலைகள் ஏற்றிய ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளுகையில் அந்த எலும்பை விலாக்கூட்டோடு ஒட்ட வைத்திருப்பது இதுவே. கையைத் தலைக்கு மேல் முழுதாக உயர்த்தவும் இது வேண்டும், ஏனெனில் தோள்பட்டை எலும்பு மேல்நோக்கித் திரும்பினால்தான் கை அவ்வளவு தூரம் எழும். இதை இயக்கும் நீண்ட நரம்பு தசையின் மேற்பரப்பிலேயே இறங்குவதால் எளிதில் காயப்படுகிறது. அப்படிக் காயப்பட்டவர் இரு கைகளாலும் சுவரைத் தள்ளினால் தோள்பட்டை எலும்பு முதுகில் துருத்திக்கொண்டு எழுவது தெளிவாகத் தெரியும். தண்டால் எடுக்கும் தம்பிகள், கைகள் நீண்ட பிறகும் தோள்பட்டைகளைச் சற்றே முன்னே தள்ளி நிறுத்தினால் இத்தசைக்கு நல்ல பயிற்சி கிடைக்கும்.

மூச்சிழுப்பதில் உதரவிதானமும் விலா இடைத் தசைகளுமே முதன்மையானவை. ஆனால் ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் மூச்சுத் திணறும்போது முழங்கால்களில் கையூன்றி முன்சாய்ந்து உட்கார்வதைப் பார்த்திருப்பீர்கள். கை ஊன்றி நிலைபெற்றுவிடுவதால், வழக்கமாகக் கையை இழுக்கும் பெரிய மார்புத் தசை அப்போது விலா எலும்புகளை மேலே தூக்கி, மூச்சை உள்ளிழுக்கத் துணை நிற்கிறது.