தாணே சொசைட்டி நாட்குறிப்பு: பதிவை எதிர்த்து ஒரு அப்பீல்

ஜூலை 8, 2024, திங்கள்

நள்ளிரவில் பிடித்த மழை, காலை ஏழு மணிக்குள் மும்பையில் சில இடங்களில் 300 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. சென்ட்ரல் லைன் ரயில் படுத்துவிட்டதால் ஆபீஸ் கிடையாது. கீழே வாட்ச்மேன் கேபினில் சனிக்கிழமை வந்த பதிவுத் தபால் ஒன்று ஓரமெல்லாம் ஊறிக் கிடந்தது. பிரித்தால், நம் சொசைட்டியின், அதாவது வீட்டுக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்தின், பதிவை ரத்து செய்யச் சொல்லி பில்டர் கூட்டுறவு இணைப் பதிவாளரிடம் அப்பீல் போட்டிருக்கிறார், இடைக்காலத் தடையும் வேண்டுமாம்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக: நாங்கள் இருப்பது கோட்பந்தர் ரோடு பக்கம், ஏ, பி என்று இரண்டு விங் (பிளாக்), 96 வீடு, 2015இல் ஓசி, அதாவது குடியேறலாம் என்ற சான்றிதழ், கிடைத்தது. சி, டி விங் இன்னும் பேப்பரில்தான். மகாராஷ்டிராவில் ஃப்ளாட் விற்கும் பில்டர்களைக் கட்டுப்படுத்த மோஃபா என்று 1963ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. சொசைட்டி அமைக்கத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள் வீடு வாங்கிய நாலு மாதத்துக்குள் பில்டரே பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அதன் விதி. அவர் செய்யாவிட்டால் வீடு வாங்கியவர்களே போகலாம், அதற்கு இங்கே 'நான்-கோஆபரேஷன்' கேஸ் என்று பேர். 71 பேர் கையெழுத்துப் போட்டு அப்படித்தான் போனோம், ஏப்ரலில் சான்றிதழ் கைக்கு வந்தது. பி விங்கில் காகா என்று நாங்கள் கூப்பிடும் பெரியவர்தான் சீஃப் புரமோட்டர், அதாவது சொசைட்டி அமைப்பதை முன்னின்று நடத்தியவர், நான் பொருளாளர். ஒன்பது வருஷமாக மெயின்டனன்ஸ் பணம் வாங்கி ஒரு பைசாவுக்கும் கணக்குக் காட்டாத பில்டர், இப்போது முறைப்படி நடக்கவில்லை என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறார்.

ஜூலை 14, ஞாயிறு

ஸ்டில்ட் பார்க்கிங்கில் கூட்டம். அப்பீலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் பாதி நேரம் வேறெங்கோ போனது. ஏழாவது மாடிக்காரர் ஒருவர், அப்பீல் எப்படியோ போகட்டும், பைலாவில், அதாவது சொசைட்டி விதிகளில், சைவ உணவுக்காரர்களுக்கு மட்டும்தான் வீடு விற்கலாம் என்று போட்டுவிடுவோம் என்று ஆரம்பித்தார். ஆமதாபாத் பார்சி சொசைட்டி வழக்கில் உச்ச நீதிமன்றமே ஒத்துக்கொண்டதே என்று ஒரு கேள்வி வேறு. உண்மைதான். 2005இல் வந்த ஜோராஸ்ட்ரியன் சொசைட்டி தீர்ப்பு அது; பார்சிகளுக்கு மட்டும்தான் உறுப்பினர் பதவி என்ற பைலா செல்லும் என்றார்கள். கூட்டுறவு வீட்டு வசதியின் கதையே அப்படித்தானே தொடங்கியது, 1915இல் பம்பாய் காம்தேவியில் வந்த சாரஸ்வத் சொசைட்டி ஒரே சமூகத்தாருக்கானது. ஆனால் அவர்கள் ஆரம்பத்திலிருந்தே அந்த நோக்கத்தோடு கூடியவர்கள். நாம் விளம்பரம் பார்த்து, லோன் போட்டு, யார் பக்கத்து வீடு என்றே தெரியாமல் வந்து சேர்ந்தவர்கள். அதைச் சொன்னேன். மீன் குழம்பு வைக்கிற நாலு வீட்டுக்காரர்கள் பலமாகத் தலையாட்டினார்கள், பேச்சு அதோடு நின்றது.

வக்கீல் செலவுக்கு வீட்டுக்கு 2,000 ரூபாய் என்று முடிவானது. அதற்கும் ஒரு முணுமுணுப்பு.

ஜூலை 26, வெள்ளி

வக்கீல் மேடத்தைப் பார்த்தோம். அப்பீலில் பில்டர் சொல்லும் காரணங்களைப் பிழிந்தால் மூன்று தேறும். ஒன்று, எனக்கு நோட்டீஸ் வரவில்லை. இரண்டு, ஒப்பந்தத்திலேயே மொத்த பிராஜெக்டும் முடிந்தபிறகுதான் ஒரே சொசைட்டி என்று எழுதியிருக்கிறது. மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனம்: மொத்தம் நாலு விங், 192 வீடு, அதில் 71 பேர் என்றால் 37 சதவீதம்கூட இல்லை, பெரும்பான்மை எங்கே? எங்கள் கணக்கில் 96க்கு 71, கிட்டத்தட்ட 74 சதவீதம். எழும்பாத வீடுகளுக்கும் ஓட்டு இருக்கிறது என்கிறார்!

மேடம் மும்பைக்காரர், அம்மா திருநெல்வேலியாம், கோபம் வந்தால் மட்டும் தமிழ் வருகிறது. "ஒப்பந்தத்துல என்ன வேணா எழுதிக்கட்டும், மோஃபா 16ஆம் பிரிவைப் படிங்க" என்றார். ஒப்பந்தத்தில் மாறாக எது இருந்தாலும் சட்டம்தான் நிற்கும் என்கிறது அது. கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1960இன் 10ஆம் பிரிவையும் காட்டினார்: பதிவாளர் கையெழுத்திட்ட சான்றிதழ்தான் முடிவான அத்தாட்சி, பதிவு ரத்தானது என்று நிரூபித்தால் ஒழிய. அப்பீல் போட்டாலே சொசைட்டி இல்லாமல் போய்விடாது, தடை வராதவரை கமிட்டி வேலையைப் பார்க்கலாம். அவருக்குக் கொஞ்சம் கவலை தருவது நோட்டீஸ் விஷயம்தான். பில்டர் தரப்பைக் கேட்காமல் பதிவு செய்தார்கள் என்று ஆகிவிட்டால் மறுபடி விசாரி என்று கீழே திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு வருஷம் போச்சு. பழைய ஃபைலில் தபால் ரசீதும் ஒப்புகைச் சீட்டும் இருக்கிறதா என்று தேடச் சொன்னார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சென்னையிலிருந்து அண்ணன் போன். "ஒரு அசோசியேஷன் பதியறதுக்கு இவ்வளவு அடிதடியா? நாங்க சங்கப் பதிவுச் சட்டத்துல பதிஞ்சு ரெண்டு மாசத்துல முடிச்சோமே" என்கிறான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், ஊரிலிருந்து படிக்கிற பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும்.

சென்னையில் ஃப்ளாட் வாங்கினால் யுடிஎஸ் என்று நிலத்தில் ஒரு பங்கு உங்கள் பேரிலேயே பத்திரமாகிவிடும். இங்கே பெரும்பாலும் அப்படி இல்லை. எங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது வீடு மட்டும்தான், கீழே இருக்கும் மண் இன்னும் பில்டர், நிலக்காரர் பேரில். சொசைட்டி பதிவானபிறகு அதன் பேருக்கு மொத்த நிலத்தையும் எழுதித் தரவேண்டும், அதுதான் கன்வேயன்ஸ். வேறு கெடு பேசிக்கொள்ளவில்லை என்றால் பதிவிலிருந்து நாலு மாதம். தராவிட்டால் 2008 திருத்தத்துக்குப் பிறகு அதிகாரியிடம் போய் 'டீம்டு கன்வேயன்ஸ்' வாங்கிக்கொள்ளலாம். ஆக, பதிவு என்பது கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது மாதிரி. மண் கைமாறினால் மிச்சமிருக்கிற எஃப்எஸ்ஐ, அதாவது இந்த நிலத்தில் இன்னும் எவ்வளவு கட்டலாம் என்ற உரிமை, யாருக்கு என்று கேள்வி வந்துவிடும். சி, டி விங்கில் நாளைக்கு நாலு மாடி கூடுதலாக ஏற்ற நினைப்பவருக்கு நம் பதிவு ஏன் கசக்காது? நோட்டீஸ், சதவீதம் எல்லாம் வக்கீல் எழுதியது. அடியில் கிடப்பது எஃப்எஸ்ஐ. கமிட்டியில் சிலர் இன்னும் இதை மெயின்டனன்ஸ் சண்டை என்றே நினைக்கிறார்கள், அவர்களோடு வாதாடி அலுத்துவிட்டது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஒப்புகைச் சீட்டு கிடைத்தது! காகாவின் மனைவி, கியாஸ் புத்தகத்தோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். பில்டர் ஆபீஸ் முத்திரை நீல மையில் பளிச்சென்று இருக்கிறது.

இன்னொன்று அதைவிட முக்கியம். ராத்திரி சும்மா மஹாரேரா, அதாவது ரேரா என்ற ரியல் எஸ்டேட் சட்டத்தை இங்கே நடத்தும் மாநில ஆணையத்தின், தளத்தில் துழாவினேன். சி விங்கைப் பில்டர் தனிப் பிராஜெக்ட்டாகப் பதிந்திருக்கிறார், தனிப் பதிவு எண், தனி முடிவுத் தேதி. அங்கே தனி, அப்பீலில் மட்டும் நாலும் ஒன்றா? ரேரா வந்தபின் மாநில விதி 9இலும், லேஅவுட்டில் பல கட்டடம் இருந்தால் அந்தக் கட்டடம் அல்லது விங்கில் 51 சதவீதம் பேர் புக் செய்தால் போதும் என்றுதான் கணக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அபெக்ஸ் அமைப்பு கடைசிக் கட்டடம் முடிந்தபிறகு. நம் விங்குகள் ரேராவுக்கு முந்தையவை, ஆனாலும் சட்டம் எதை அலகாகப் பார்க்கிறது என்று காட்ட இது போதும் என்கிறார் மேடம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

முதல் தாரீக், அதாவது விசாரணை நாள். எதிர் வக்கீல் அவகாசம் கேட்டார், கொடுத்தார்கள். தடை இல்லை.

அக்டோபர் 16, புதன்

நேற்று சட்டமன்றத் தேர்தல் அறிவித்துவிட்டார்கள், அலுவலகத்தில் பாதிப் பேர் தேர்தல் வேலைக்கு. தாரீக் டிசம்பருக்குத் தள்ளிப்போனது. பில்டர் தரப்புக்கு இதைவிட நல்ல தீபாவளிப் பரிசு கிடையாது.

டிசம்பர் 10, செவ்வாய்

வாதம் முடிந்தது. எதிர் வக்கீல் அரை மணி நேரம் 37 சதவீதத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். மேடம் எழுந்து முதலில் வைத்தது ரேரா பக்கத்தின் பிரிண்ட், அப்புறம் ஒப்புகைச் சீட்டு, கடைசியாக ஒப்பந்தத்தின் ஒரு பக்கம். அதில் பில்டர் ஒவ்வொருவரிடமும் ஷேர் பணம், நுழைவுக் கட்டணம் என்று 600 ரூபாய் வாங்கியது இருக்கிறது, ஷேருக்கு 500, நுழைவுக்கு 100. சொசைட்டி அமைக்க என்று 2013இலேயே பணம் வாங்கியவர், 2024இல் இன்னும் நேரம் வரவில்லை என்கிறார் என்றார். இணைப் பதிவாளர் சாப் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உத்தரவு பிறகு.

காகா வெளியே வந்து எனக்கு ஒரு கட்டிங் சாயா வாங்கிக் கொடுத்தார், அவர் காசு செலவழித்து நான் பார்த்ததே இல்லை.

ஜனவரி 17, 2025, வெள்ளி

அப்பீல் தள்ளுபடி. உத்தரவு மராத்தியில் ஆறு பக்கம், காகா வாசிக்க நான் குறிப்பெடுத்தேன். நோட்டீஸ் சேர்ந்திருக்கிறது, கட்டி ஓசி வாங்கிய 96 வீடுதான் கணக்கு, ஒப்பந்த ஷரத்து சட்டக் கடமையைத் தள்ளிப்போடாது.

பில்டர் உயர் நீதிமன்றத்துக்குப் போவார், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. திங்கட்கிழமை கேவியட் போடுகிறோம், நம்மைக் கேட்காமல் தடை வாங்கிவிடக் கூடாது. கூடவே டீம்டு கன்வேயன்ஸ் விண்ணப்பமும் போகிறது, மேல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் அவர் நினைத்ததுதான் நடக்கும். அதற்கு எல்லார் வீட்டு இன்டெக்ஸ் டூ, அதாவது ஒப்பந்தம் பதிவானதைக் காட்டும் பதிவுத்துறைச் சுருக்கத்தின், நகலும் வேண்டும். 41 பேர் கொடுத்தாயிற்று. மீதிப் பேர் ஞாயிற்றுக்கிழமைக்குள் என் வீட்டில் கொடுங்கள், ஒரிஜினல் வேண்டாம், ஜெராக்ஸ் போதும்.