கண்ணில் அடைப்பு, அலைச்சல் பிரஷரால்

ரெட்டினாவில் (கண்ணின் பின்புறத் திரை) சிரை அடைப்பு, அதாவது ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு என்றதும் எல்லோரும் கண் ஊசிக்குத்தான் பயப்படுகிறார்கள். மரத்துப்போக சொட்டு மருந்து, ஒரு நொடி அழுத்தம், அவ்வளவுதான். என்னைப் படுத்தியது மற்றதெல்லாம்.

முதலில் கண்ணாடிக் கடை. வலது கண் வலியில்லாமல் மங்கியதும் பவர் மாறிவிட்டது என்று புதுக் கண்ணாடியைத் தலையில் கட்டினார்கள். இடது கண்ணை மூடிப் பார்த்தால் கதவின் மேல்பாதி பளிச்சென்று இருக்கிறது, தாழ்ப்பாளுக்குக் கீழே ஒரே புகை. இதற்குக் கண்ணாடி என்ன செய்யும்? ஒரு கண் திடீரென்று மங்கினால் நேராகக் கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அப்புறம் சாயம் ஏற்றிக் கண்ணின் ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம். கண் பாப்பா விரியச் சொட்டு மருந்து விட்டு, நெடுநேரம் உட்கார வைத்து, கடைசியில்தான் பிரஷர் பார்த்தார்கள். 190/110. "பொது மருத்துவரிடம் சீட்டு வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. பிரஷரை முதலில் பார்த்திருக்கக் கூடாதா?

பொது மருத்துவரோ, "டென்ஷன்ல ஏறியிருக்கும், கண்ணுக்கும் இதுக்கும் என்ன?" என்றார். சீட்டும் தரவில்லை. கண் டாக்டரிடம் வந்து சொன்னேன். ஸ்கேன் தாளின் பின்பக்கம் இரண்டு கோடுகளைக் குறுக்கே வரைந்தார். தமனியும் (ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்) சிரையும் குறுக்கிடும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே உறைதான். பல வருஷப் பிரஷரில் தமனி தடித்து இறுகினால் அடியில் இருக்கும் சிரை நசுங்கும், ரத்தம் தேங்கி உறையும். இதையே கடிதமாக எழுதித் தந்தார். அதைக் காட்டியதும் மாத்திரை, சுகர், கொலஸ்ட்ரால் பரிசோதனை எல்லாம் மளமளவென்று நடந்தன. இதற்காகப் பொது மருத்துவரிடம் போகும்போது கண் டாக்டரின் கடிதம் இல்லாமல் போகாதீர்கள்.

டாக்டர் கேட்ட கேள்விகள் வேறு: புகைப்பழக்கம் உண்டா, கண் அழுத்த நோய் உண்டா, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா? (கடைசிக் கேள்விக்கு நான் வாய் திறக்குமுன் என் மனைவி பதில் சொல்லிவிட்டாள்.) இவை எதுவும் இல்லாத இளவயதுக்காரர் என்றால் ரத்தம் உறையும் கோளாறு இருக்கிறதா என்று தேடுவார்களாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சாயம் ஏற்றியபின் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, நான் வெலவெலத்துப் போனேன். இன்னொன்று, அடைப்புதானே என்று ரத்தம் நீர்க்கும் மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம், அது இந்த அடைப்பைத் திறக்காது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஊசிக்குப் பின் ரெட்டினாவில் இருந்த வீக்கம் வடிந்து எழுத்து தெரிகிறது. இப்போது பிரஷர் குறித்த நோட்டோடுதான் போகிறேன். மற்றக் கண்ணுக்கும் வரலாம் என்பதால் இரண்டு கண்ணிலும் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்டே வாங்குகிறேன்.