கையை நிறுத்தத் தெரிந்தவர்

நல்ல தற்காப்புக் கலை வீரருக்கு இருக்க வேண்டிய குணங்கள் எவை என்று கேட்டால், பெரும்பாலான பயிற்சிக் கூடங்களின் சுவரிலேயே விடை எழுதியிருக்கும்: ஒழுக்கம், பொறுமை, விடாமுயற்சி, பணிவு. இவற்றில் எதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் இதே நான்கையும் வங்கி ஊழியரிடமும் தையற்காரரிடமும்கூட நாம் எதிர்பார்க்கிறோம். சண்டை பயில்பவருக்கென்று தனியாக இந்தப் பட்டியல் எதையும் சொல்லிவிடுவதில்லை. வண்ணாரப்பேட்டையில் வளர்ந்து, குத்துச்சண்டையும் கராத்தேயும் பயின்று, இப்போது சிறுவர்களின் பயிற்சிக்குத் துணையாக நிற்கும் நான், ஒருவரை நல்ல வீரர் என்று முடிவு செய்வதற்குப் பார்ப்பது ஒன்றைத்தான். தொடங்கிய அடியை நிறுத்த அவருக்குத் தெரிகிறதா?

குத்துச்சண்டை மேடையில் நடுவர் தரும் முக்கியக் கட்டளைகள் மூன்று: பாக்ஸ், ஸ்டாப், பிரேக். முதலாவது சண்டையைத் தொடரச் சொல்கிறது. மற்ற இரண்டும் நிறுத்தச் சொல்கின்றன. பிரேக் என்றதும், பின்னிக்கொண்டு நிற்கும் இருவரும் விலகி, ஓரடி பின்வாங்கிய பிறகே மறுபடியும் கை ஓங்க வேண்டும். ஜூடோவில் எதிராளி பாயையோ உடலையோ இருமுறை தட்டினால் பிடியை அந்த நொடியே தளர்த்த வேண்டும். சிலம்பப் போட்டியில் கம்பின் முனை எதிராளியின் மீது பட்டால் புள்ளி கிடைக்கிறது. சுழன்று வரும் மூங்கிலில் மிக வேகமாக ஓடும் பகுதி அந்த முனைதான் என்பதால், அவ்வளவு வேகத்தையும் வெறும் தொடுதலாக முடிக்க மணிக்கட்டுக்கு நெடுநாள் பழக்கம் வேண்டும். வெவ்வேறு மண்ணில் பிறந்த கலைகள் எல்லாமே, நிறுத்தும் திறனைத் தம் விதிகளுக்குள் பொதிந்து வைத்திருக்கின்றன.

இதற்கு நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்லும் சான்று, டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்டில் நடந்த ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் கராத்தே இறுதிச்சுற்று. சவூதி அரேபியாவின் தாரிக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் வீசிய உயர் உதை ஈரானின் சஜாத் கஞ்ஸாதேயின் தலைப்பகுதியில் விழ, கஞ்ஸாதே நினைவிழந்து சாய்ந்தார். கட்டுப்பாடற்ற தாக்குதல் என்று நடுவர்கள் ஹமேதியைத் தகுதி நீக்கம் செய்தார்கள். தங்கம் தரையில் கிடந்தவருக்குப் போனது. அடித்து வீழ்த்தியவனுக்கு வெள்ளி, வீழ்ந்தவனுக்குத் தங்கம் என்றால் இதென்ன விளையாட்டு என்று எங்கள் பையன்கள் கோபப்படுகிறார்கள். ஹமேதியின் திறமையிலோ நோக்கத்திலோ எனக்கு ஐயமில்லை. அந்த முடிவு அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பதும் புரிகிறது. இருந்தாலும் அவர் ஏற்றுக்கொண்டு களமிறங்கிய ஆட்டத்தில் உதையின் அளவும் உதையின் ஒரு பகுதிதான். ஆகவே தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன்.

குத்துச்சண்டையில் அப்படி இல்லையே, அங்கே வீழ்த்துவதுதானே வெற்றி என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. அதற்கு முகமது அலியைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். வடசென்னையில் அவரை மேற்கோள் காட்டினால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள் என்பதும் ஒரு வசதி. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டையைக் குடும்பப் பெருமையாகவே வளர்த்த பகுதி இது. 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியது, அதன் பிறகு பிறந்தவர்களுக்கும் நேரில் பார்த்தது போல மனப்பாடம். ஆனால் நான் பார்க்கச் சொல்வது 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனுடன் அவர் மோதிய போட்டியின் எட்டாவது சுற்று. ஃபோர்மன் நிலைகுலைந்து சரியும்போது அலியின் வலக்கை அடுத்த குத்துக்குத் தயாராகவே இருக்கிறது. விழுபவரோடு சேர்ந்து திரும்புகிறார், கையை வீசவில்லை. வேலை முடிந்தது என்பதை, மூளை கொதித்துக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் அவரால் பார்க்க முடிந்திருக்கிறது.

நிறுத்துவது மனம் சார்ந்த விஷயம் மட்டும் என்று எண்ணினால் அது பாதிதான் உண்மை. கால் சரியாக நிற்காதவரால் கையை நிறுத்த முடியாது. உடல் எடை முன்முழங்காலைத் தாண்டிப் போய்விட்டால், எண்ணூர் நெடுஞ்சாலையில் பாரம் ஏற்றிக்கொண்டு வரும் கன்டெய்னர் லாரியைப் போல, பிரேக் பிடித்த பிறகும் உடல் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் பழைய வாத்தியார்கள் கம்பைக் கையில் கொடுக்காமல் காலடியையே மாதக்கணக்கில் ஆடவைத்தார்கள். தோளை இறுக்கிக்கொண்டு குத்துபவரின் கை போன வேகத்தில் திரும்பி வராது. மூச்சை அடக்கிக்கொண்டு குத்துபவருக்கு எதிராளியின் முகம் கண்ணில் படவே படாது. களைப்பு இவை எல்லாவற்றையும் விட மோசமானது. மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று என்பது கேட்பதற்குச் சிறிதாக இருக்கலாம்; மே மாதப் புழுக்கத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மூன்றாவது சுற்றில் கை கனத்துப்போன பிறகு, அளவாகக் குத்த முயன்றால் தெரியும். முதல் சுற்றில் கட்டுப்பாட்டோடு ஆடிய பையன் கடைசிச் சுற்றில் காட்டுத்தனமாகக் கை வீசுவதற்குக் காரணம் பெரும்பாலும் கெட்ட குணம் இல்லை, போதாத தம். ஸ்கிப்பிங்கும் ஓட்டமும் அவனை வலிமையாக்குகின்றன என்பதை விட, அவனோடு ஆடுபவனைப் பாதுகாக்கின்றன என்றே சொல்வேன்.

ஒருவரின் தரம் பதக்கத்தில் தெரிவதை விடவும், தன்னை விட எளியவரோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, ஆடும்போது நன்றாகத் தெரிகிறது. பத்து கிலோ குறைந்த புதுப் பையனை எதிரே நிறுத்தினால், சிலர் அவனை மூலைக்குத் தள்ளிச் சாத்தித் தங்கள் மதிப்பை உயர்த்திக்கொள்வார்கள். நல்ல வீரரோ அவன் கை இறங்கும்போதெல்லாம் அந்த இடத்தை லேசாகத் தொட்டுக் காட்டுவார். பையன் கையை உயர்த்தக் கற்றுக்கொள்வான், மறுநாளும் வருவான். முதலாமவரோடு ஆட நாளடைவில் ஆள் கிடைக்காது, ஆள் கிடைக்காதவர் வளரவும் முடியாது. இந்தக் கணக்கை இருபது வயதில் யாரும் நம்புவதில்லை.

இடையில் ஒன்று. கண்ணைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கம்பு சுற்றுவது, கல்யாண மண்டபத்தில் வரிசையாக ஓடு உடைப்பது, அதற்கு உலக சாதனைச் சான்றிதழ் வாங்குவது என்று ஒரு வழக்கம் பெருகியிருக்கிறது. குழந்தைகளுக்கு மேடை ஏறும் மகிழ்ச்சி கிடைக்கிறது, சரி. ஆனால் ஓட்டின் முன்னால் கையை நிறுத்த வேண்டிய தேவையே இல்லாததால், நான் பேசும் குணத்தை அது வளர்ப்பதில்லை.

தெருவுக்கு வந்தால் நிறுத்துவது இன்னும் கடினம். இங்கே வம்புக்கு இழுப்பவர்களுக்குக் குறைவில்லை; பாக்ஸிங் போகிறான் என்று தெரிந்தாலே சீண்டிப் பார்ப்பவர்களும் உண்டு. ஒதுங்கிப் போனால் ஏரியாவில் கெத்து போய்விடும் என்ற பயம் பையன்களுக்கு உண்மையானது. அதை அறிவுரையால் கரைக்க முடியாது. நான் கணக்கைத்தான் சொல்வேன். இவர்களில் பலர் ரயில்வே, ராணுவம், காவல்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையை நம்பி இருப்பவர்கள். தமிழக அரசுப் பணிகளுக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்த பிறகு கம்பு பிடிப்பவர்களுக்கும் அந்த நம்பிக்கை வந்திருக்கிறது. ஒரு அடிதடி வழக்கில் பெயர் ஏறினால், காவல்துறைச் சரிபார்ப்பில் அத்தனை வருட உழைப்பும் சிக்கிக்கொள்ளும்.

இந்தக் குணம் பயிற்சியாளரிடம் இல்லாவிட்டால் மாணவரிடம் வருவதற்கு வழியே இல்லை. தன் வீரர் தலையில் அடி வாங்கித் தள்ளாடும்போது துண்டை வீசிப் போட்டியை நிறுத்துவது, கூட்டமும் பரம்பரைப் பெருமையும் பின்னால் நின்று கத்தும்போது எளிதான செயல் அல்ல. தலையில் அடிபட்டு நாக்அவுட் ஆனவர் குறைந்தது 30 நாள் போட்டியோ ஸ்பாரிங்கோ ஆடக் கூடாது என்று அமெச்சூர் குத்துச்சண்டையின் மருத்துவ விதி சொல்கிறது. அடுத்த வாரமே மாவட்டப் போட்டி இருந்தாலும் அந்த விதியைப் பிடித்துக்கொள்பவரே நம்பத் தக்கவர். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் "பிளாக் பெல்ட் எப்போ கிடைக்கும், மாஸ்டர்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்து பயிற்சியைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஒரு குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வந்த பிறகும் மாஸ்டர் கைதட்டி உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தால், கட்ட எடுத்து வந்த ஃபீஸை அப்படியே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேறு இடம் பார்க்கலாம்.