வண்டி சொன்னதை மட்டும் சொன்னவர்

"வண்டி என்னமோ மாதிரி இருக்கு." பட்டறையில் நாலு நாள் நின்றவர்களுக்குக்கூட இந்தப் புகார் பழக்கமானது. இதை வைத்துக்கொண்டு ஒரு நட்டைக்கூடத் திருக முடியாது. எந்த வளைவில்? உள்ளே நுழையும்போதா, வெளியே வரும்போதா? கால் பிரேக்கில் இருந்ததா, எடுத்தாயிற்றா? டேங்க் நிறைய இருந்ததா, தீரும் தறுவாயிலா? இவ்வளவும் தெரிந்தால்தான் ஸ்பானரை எங்கே போடுவது என்று யோசிக்கவே ஆரம்பிக்கலாம். பந்தயக் காரைத் தயார் செய்யும் வேலையில் பாதி, ஓட்டியவரிடமிருந்து இந்த விவரங்களைக் கறப்பதுதான். கேட்பதற்கு முன்பே, கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிடும் ஓட்டுநர் கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம். ஆஸ்திரியாவின் நிக்கி லாவ்டா அப்படிப்பட்டவர். 1975, 1977, 1984 என மூன்று முறை ஃபார்முலா ஒன் உலக சாம்பியன். 171 பந்தயங்கள், 25 வெற்றிகள். அந்த வெற்றிகள் எப்படி வந்தன என்று பார்த்தால், பந்தய நாளைவிடச் சோதனை ஓட்ட நாள்களைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது.

1949 பிப்ரவரி 22 அன்று வியன்னாவில் ஒரு தொழிலதிபர் குடும்பத்தில் பிறந்தார். தாத்தா ஹான்ஸ் லாவ்டாவுக்குப் பேரன் கார் ஓட்டிப் பிழைப்பதில் கொஞ்சமும் சம்மதமில்லை. அதனால் வீட்டுப் பணம் வரவில்லை. 1968-ல் மினி கூப்பரில் மலைப்பாதைப் போட்டிகளில் தொடங்கியவர், 1971-ல் ஆயுள் காப்பீட்டை ஈடு வைத்து வங்கிக் கடன் வாங்கி மார்ச் அணியின் ஃபார்முலா டூ காரில் இடம் பிடித்தார். 1972 முழுக்க மார்ச்சின் ஃபார்முலா ஒன் காரை ஓட்டியும் ஒரு புள்ளிகூட இல்லை. மறுபடி கடன், 1973-ல் பி.ஆர்.எம். அணி. அங்கே உடன் ஓட்டிய கிளே ரெகசோனி அடுத்த ஆண்டு ஃபெராரிக்குத் திரும்பியபோது, இந்தப் பையனையும் எடுங்கள் என்று அணியின் நிறுவனர் என்ஸோ ஃபெராரியிடம் சொன்னார். பெரிய வெற்றி எதுவும் கையில் இல்லாத ஓட்டுநருக்கு இன்னொரு ஓட்டுநர் தரும் சிபாரிசு அது. பக்கத்தில் இருந்து வேலையைப் பார்த்தவரால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

ஃபெராரியிடம் அப்போது மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருந்தது. மாரனெல்லோ தொழிற்சாலையை ஒட்டியே, 1972-ல் திறந்த ஃபியோரானோ சோதனைத் தடம். சுற்று சுமார் 3 கிலோமீட்டர். காலையில் ஒரு பாகத்தை மாற்றினால் மதியம் நேரம் தெரிந்துவிடும். லாவ்டா அங்கே முதன்முதலில் ஓட்டிவிட்டு இறங்கியதும், கார் எப்படி என்று என்ஸோ கேட்டார். மோசம், முன்பக்கம் திரும்ப மறுக்கிறது என்றார் லாவ்டா. மொழிபெயர்க்க நின்றிருந்த என்ஸோவின் மகன் பியரோ அதை அப்படியே சொல்லத் தயங்கினார். அந்த வளாகத்தில் அப்படிப் பேசும் வழக்கம் இல்லை. கடைசியில் விஷயம் போய்ச் சேர்ந்தது: கேட்ட மாற்றத்தைச் செய்து தருகிறோம், ஒரு வாரத்தில் நேரத்தைக் குறைத்துக் காட்டு. முன் சஸ்பென்ஷனை மாற்றினார்கள், நேரம் குறைந்தது. வேலை நிலைத்தது.

அவர் சொன்னது அண்டர்ஸ்டியர். ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்கு வண்டியின் மூக்கு உள்ளே வராமல் வெளிப்பக்கமாகவே போவது. இதைச் சரிசெய்ய, வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரை முன்பக்கம் தளர்த்தலாம், பின்பக்கம் இறுக்கலாம், காற்றால் வண்டியைத் தரையோடு அழுத்தும் முன் விங்கை ஒரு துளை ஏற்றலாம், சக்கரத்தின் சாய்வான கேம்பர் கோணத்தைக் கூட்டலாம். நான்கும் ஒரே நோய்க்கு மருந்து போலத் தோன்றும், ஆனால் இல்லை. விங் வேகமான வளைவில் மட்டும் பேசும், மெதுவான கொண்டை வளைவில் அதற்குக் காற்றே கிடைக்காது. ஆன்டி ரோல் பார் வண்டி சாயும்போது வேலை செய்யும். பிரேக்கை விட்டுக்கொண்டே நுழையும் கட்டத்தில் மட்டும் வரும் அண்டர்ஸ்டியருக்குக் காரணம் பெரும்பாலும் பிரேக் பங்கீட்டிலோ ஷாக் அப்சார்பரிலோ ஒளிந்திருக்கும். ஓட்டுநர் "அண்டர்ஸ்டியர்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் நான்கையும் மாற்றிப் பார்த்து ஒரு நாள் வீணாகும்.

சோதனை ஓட்டத்தின் ஒழுங்கு எளிமையானது, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். முதலில் ஒரு அடிப்படை செட்டப்பில் சில சுற்றுகள், டயர் சூடேறி நேரம் நிலைக்கும் வரை. தடத்தை ஒட்டிய வேலையிடமான பிட்டுக்கு வந்தவுடனே, ஆறுவதற்குள், ஊசி வெப்பமானியை ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில் குத்தி எழுத வேண்டும். நடு மட்டும் கொதித்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் கொதித்தால் காற்று போதவில்லை. வெளி ஓரம் மட்டும் என்றால் கேம்பர் போதாது. பிறகு ஒரே ஒரு மாற்றம். இரண்டு மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. பலரும் விட்டுவிடுவது கடைசிப் படியைத்தான்: மாற்றத்தைக் கழற்றிவிட்டுப் பழைய செட்டப்பில் மறுபடி ஓட்டிப் பார்ப்பது. அந்தக் கால மூன்று லிட்டர் எஞ்சின் ஃபியோரானோவில் பத்துச் சுற்று ஓடினால் பத்துக் கிலோவுக்கு மேல் பெட்ரோல் எரிந்துவிடும். எடை குறைந்ததால் வந்த வேகத்தை, புது ஸ்பிரிங் கொடுத்த வேகம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

இதைவிட நுட்பமான ஏமாற்று ஒன்று இருக்கிறது. திறமையான ஓட்டுநரின் கை, காரின் குறையைத் தானாகவே மூடி மறைத்துவிடும். மூக்கு திரும்பவில்லையா, அவர் அறியாமலே இரண்டு மீட்டர் முன்னதாக பிரேக் பிடிப்பார், கொஞ்சம் முன்னதாகத் திருப்புவார். பத்தாவது சுற்றில் "இப்போது பரவாயில்லை" என்பார். மாறியது ஓட்டுநர், கார் அப்படியேதான் இருக்கிறது. தன் கை என்ன சமாளிப்பு செய்கிறது என்பதையும் சேர்த்து எடுத்துச் சொல்பவரே சோதனை ஓட்டத்துக்கு உண்மையில் பயன்படுவார். லாவ்டாவிடம் இது இருந்தது. அவர் கேட்டதை இரும்பில் செய்து தர பொறியாளர் மவ்ரோ ஃபோர்கியெரி இருந்தார்.

1974-ல் ஒன்பது போல் பொசிஷன், அதாவது தகுதிச் சுற்றில் முதலிடம், ஆனால் இரண்டே வெற்றி. முதலாவது ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினின் ஹராமாவில். வேகம் வந்துவிட்டது, பக்குவம் வரவில்லை. பிராண்ட்ஸ் ஹாட்சில் முன்னணியில் போகும்போது பின் டயரில் காற்று இறங்குவது தெரிந்தும் உள்ளே வராமல் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் பிட்டுக்கு வந்தபோது, வெளியேறும் வழியைக் கூட்டம் அடைத்திருந்தது. நூர்பர்க்ரிங்கில் சூடேறாத டயரோடு முதல் சுற்றிலேயே மோதி வெளியேறினார். இரண்டுமே கார் தந்த தகவல் இருந்தும் அதன்படி நடக்காததால் வந்தவை.

1975-ன் ஃபெராரி 312டி வேறு ரகம். கியர்பாக்ஸைக் காரின் நீளவாக்கில் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் தொங்கவிடுவதுதான் அன்றைய வழக்கம். ஃபோர்கியெரி அதைக் குறுக்குவாட்டில் திருப்பி அச்சுக்கு முன்னால் கொண்டுவந்தார். கனமான பொருள் ஓரத்தில் இருந்தால் வண்டி திரும்பத் தொடங்கவும் தாமதிக்கும், திரும்பத் தொடங்கினால் நிற்கவும் தாமதிக்கும். நீளக் கம்பின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பார்த்தால் புரிந்துவிடும். கனம் நடுவுக்கு வந்ததும் அந்த மந்தம் போயிற்று. தரையோடு படுத்திருந்த 12 சிலிண்டர் எஞ்சின் ஏற்கனவே எடையைத் தாழ்வாக வைத்திருந்தது. மொனாக்கோ, பெல்ஜியம், ஸ்வீடன், பிரான்ஸ், அமெரிக்கா என ஐந்து வெற்றி. 1964-ல் ஜான் சர்டீஸுக்குப் பிறகு ஃபெராரி ஓட்டுநர் ஒருவர் உலக சாம்பியன் ஆனது அப்போதுதான். அதே ஆண்டு, 22.8 கிலோமீட்டர் நீளமுள்ள நூர்பர்க்ரிங்கை 6 நிமிடம் 58.6 விநாடியில் சுற்றினார். ஏழு நிமிடத்துக்குள் அங்கே சுற்றிய முதல் கிராண்ட் பிரி ஓட்டுநர் அவர்.

அந்தத் தடத்தை அவ்வளவு வேகமாக ஓட்டியவர்தான் 1976-ல் அங்கே பந்தயம் வேண்டாம் என்றும் வாதாடினார். பயத்தால் அல்ல, கணக்கால். அவ்வளவு நீளத்துக்குத் தீயணைப்பு ஆட்களையும் ஆம்புலன்ஸையும் நிறுத்த முடியாது. ஒரு பக்கம் மழை பெய்யும்போது மறுபக்கம் காய்ந்திருக்கும். மற்ற ஓட்டுநர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆகஸ்ட் 1 அன்று ஈரத்தில் பந்தயம் தொடங்கியது. முதல் சுற்று முடிந்து காய்ந்த தடத்துக்கான டயருக்கு மாறி வெளியே போனவர், பெர்க்வெர்க் வளைவுக்கு முன்னால் இடதாக வளையும் இடத்தில் கட்டுப்பாடு இழந்து மண்மேட்டில் மோதினார். கார் தீப்பற்றித் தடத்துக்கே திரும்பி வந்தது, பின்னால் வந்த கார்கள் அதில் மோதின. ஹெல்மெட் கழன்றுவிட்டது. அவரை வெளியே இழுத்தவர்கள் சக ஓட்டுநர்கள்: மெர்ஸாரியோ, லங்கர், எர்ட்ல், எட்வர்ட்ஸ். எரியும் காருக்குள் கைவிட்டு பெல்ட்டைக் கழற்றியவர் மெர்ஸாரியோ. வெளியே தெரிந்த தீக்காயத்தைவிட, உள்ளே இழுத்த புகை நுரையீரலைக் கெடுத்ததே உயிருக்கு ஆபத்தானது. மருத்துவமனையில் பாதிரியார் வந்து இறுதிச் சடங்கையே செய்துவிட்டுப் போனார்.

42 நாள் கழித்து, செப்டம்பர் 12 அன்று, மொன்ஸாவில் பந்தயத் தொடக்கத்தில் நின்றார். காயத்தில் உரசாதபடி உள்புறத்தை மாற்றிய ஹெல்மெட். வெள்ளிக்கிழமை பயிற்சியில் உடம்பு உதறியது. பழைய லாவ்டாவைப் போல ஓட்ட முயன்றதே தவறு என்று அன்றிரவு யோசித்து, மறுநாள் எந்த நேரத்தையும் துரத்தாமல் மெதுவாகத் தொடங்கி வேகத்தைத் தானாக வரவிட்டார். காருக்குச் செய்யும் அதே சோதனையைத் தன் மீதே செய்துகொண்ட மாதிரி. தகுதிச் சுற்றில் ஐந்தாவது, மூன்று ஃபெராரிகளில் முதலாவது. பந்தயத்தில் நான்காவது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது உள்துணி இரத்தத்தோடு ஒட்டியிருந்தது.

அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம் அக்டோபர் 24, ஜப்பானின் ஃபுஜி. தடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது, மூடுபனி. அகலமான டயர் தேங்கிய நீரில் ஏறினால் ரப்பருக்கும் தாருக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்து வண்டி மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங், பிரேக் எதுவும் கைக்கு வராது. போதாததற்கு லாவ்டாவின் இமைகள் சரியாக மூடவில்லை. இரண்டு சுற்று ஓட்டிவிட்டு பிட்டுக்கு வந்து இறங்கினார். எஞ்சின் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று ஃபோர்கியெரி கேட்டார். அன்பால் கேட்டதுதான். வேண்டாம் என்றார் லாவ்டா. ஃபிட்டிபால்டியும் பாசேயும் பெர்கின்ஸும் அன்று அதே போல் விலகினார்கள். ஆனால் அவர்களில் யாருக்கும் அந்த ஆண்டின் சாம்பியன் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. பட்டத்துக்கு லாவ்டாவோடு போட்டியிட்ட ஜேம்ஸ் ஹன்ட் மூன்றாவதாக வந்து 69–68 என ஒரு புள்ளியில் பட்டத்தை எடுத்துக்கொண்டார். எஞ்சின் கோளாறு என்று எழுதியிருந்தால் இத்தாலியப் பத்திரிகைகள் அவரை விட்டிருக்கும். ஆனால் அந்த எஞ்சினைக் கட்டிய மெக்கானிக்குகளின் மேல் ஒரு பொய் விழுந்திருக்கும். இந்த ஒரு மறுப்புக்காகவே அவரை மதிக்கலாம்.

1977-ல் பட்டத்தை மீட்டதும் ஃபெராரியை விட்டார். இரண்டு ஆண்டு பிராபம் அணி, 1979-ல் கனடாவில் பயிற்சி நடுவிலேயே ஓய்வு, சொந்த விமான நிறுவனம், 1982-ல் மெக்லாரனில் மறுவருகை.

1984-ல் பக்கத்துக் காரில் அலென் ப்ரோஸ்ட். தகுதிச் சுற்றில் அவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை என்று தெரிந்ததும், பயிற்சி நேரத்தைப் பந்தயத்துக்கான செட்டப்புக்கே செலவிட்டார் லாவ்டா. அதற்கு விதிமுறை உதவியது. அந்த ஆண்டு நடுவில் பெட்ரோல் நிரப்பத் தடை, மொத்தம் 220 லிட்டர். சுமார் 300 கிலோமீட்டர் பந்தயத்துக்கு அது 1.5 லிட்டர் டர்போ எஞ்சினுக்குக் கஞ்சத்தனமான அளவு. எஞ்சினுக்குள் டர்போ திணிக்கும் காற்றழுத்தமான பூஸ்டை ஏற்றினால் வேகம் வரும், கடைசிச் சுற்றில் டேங்க் காலி. சில அணிகள் பெட்ரோலைக் குளிரவைத்து அதே 220 லிட்டரில் கூடுதல் எடை நிரப்பின. எங்கே காலைத் தூக்கினால் நேரம் போகாமல் பெட்ரோல் மிச்சமாகும் என்று அறிந்தவருக்கே அந்த ஆண்டு சொந்தம்.

சொந்த ஊர்ப் பந்தயமான ஆஸ்திரியாவில், முன்னணியில் போகும்போது நான்காவது கியர் உடைந்தது. முதலில் கதை முடிந்தது என்று கையைத் தூக்கினார். பிறகு தடவிப் பார்த்ததில் மூன்றும் ஐந்தும் இருந்தன. மூன்றிலிருந்து நேரே ஐந்துக்குத் தாவினால் சுழற்சி சட்டென விழும், டர்போ மூச்சை விட்டுவிடும், மறுபடி பூஸ்ட் ஏறும் வரை கார் நகர மறுக்கும். மூன்றிலேயே இழுத்தால் எஞ்சின் சிதறும். பின்னால் வந்த பிகே நெருங்கினாலே விஷயம் தெரிந்திருக்கும். டயர் தொல்லையில் இருந்த அவர் இரண்டாமிடம் போதும் என்று இருந்துவிட, லாவ்டா கோட்டைக் கடந்தார்.

கடைசிப் பந்தயம் போர்ச்சுகலின் எஸ்டோரில். லாவ்டாவுக்கு 66, ப்ரோஸ்டுக்கு 62.5. ப்ரோஸ்ட் வென்றால் லாவ்டா இரண்டாவதாக வந்தே ஆக வேண்டும், மூன்றாவது போதாது. அவர் புறப்பட்டது 11-வது இடத்திலிருந்து. ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாவதுக்கு வந்தார், இரண்டாவதாக இருந்த மான்செலை எட்ட முடியவில்லை. 52-வது சுற்றில் மான்செலின் பிரேக் கைவிட்டது. 72–71.5. அரைப் புள்ளியில், அந்த ஆண்டு ஒரு போல் பொசிஷன்கூட இல்லாமல், சாம்பியன்.

1991 மே 26 அன்று லாவ்டா ஏர் நிறுவனத்தின் போயிங் 767 பாங்காக்கிலிருந்து கிளம்பிய கால் மணி நேரத்தில் விழுந்து 223 பேர் இறந்தார்கள். லாவ்டா விபத்து நடந்த காட்டுக்கே போய் நின்றார். தரையில் ஓடும்போது வேகம் குறைக்க எஞ்சின் காற்றை முன்பக்கம் திருப்பும் ரிவர்சர், மேலேறும்போது இடது எஞ்சினில் திறந்துகொண்டது தெரியவந்தது. அப்படித் திறந்தாலும் விமானத்தைக் கட்டுப்படுத்தலாம் என்ற அனுமானத்தில் அந்த வகைக்கு அனுமதி தரப்பட்டிருந்தது. லாவ்டா சியாட்டில் போய் சிமுலேட்டரில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார், மீட்க முடியவில்லை. விமானிகளால் எதுவும் செய்திருக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று போயிங்கிடம் கேட்டார். தயங்கியபோது, அப்படியானால் நிஜ விமானத்தில் நானே ஏறி ரிவர்சரைத் திறந்து காட்டுகிறேன் என்றார். அதன் பிறகு அறிக்கை வந்தது. 767 விமானங்களின் ரிவர்சர்களில் கூடுதலாக ஒரு பூட்டுப் பொருத்தினார்கள்.