வீகோவுக்கு ஏற்ற ட்ரெய்லர்: அட்டனில் கட்டி ஓட்டிப் பார்த்தது

படுக்கையோடு கட்டும் இந்தப் பயண ட்ரெய்லர், எவ்வளவு ஏற்றினாலும் 900 கிலோவைத் தாண்டக்கூடாது என்று வேலை தொடங்கும் முன்பே முடிவெடுத்துவிட்டேன். "ஹைலக்ஸ் 3,500 கிலோ இழுக்குமே, ஏன் இவ்வளவு சின்னதாகக் கட்டுகிறாய்?" என்று கேட்காத ஆள் இல்லை. அந்த 3,500 ஆஸ்திரேலியாவில் இப்போது விற்கும் 2.8 டீசல் ஹைலக்ஸின் கணக்கு, அதுவும் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால்தான். பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் அதே வண்டிக்கு 750 கிலோதான். என்னிடம் இருப்பது பழைய 3.0 வீகோ டபள் கெப், ஹைலக்ஸின் முந்தைய தலைமுறை. ஓடப்போவதும் நேர்ச்சீரான நெடுஞ்சாலையில் இல்லை. இலங்கை மலைநாட்டில் அட்டன், தலவாக்கலை, நுவரெலியா, அப்புத்தளை என்று வளைவுக்கு மேல் வளைவு.

இழுப்பதில் வீகோவுக்கு ஒரு குறையும் இல்லை. ஆட்கள், சாமான், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து 3,300 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டேன். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போக, அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் 29 குதிரைவலு வேண்டும். டயர் உருள்வதற்குப் போகும் சக்தியையும் சேர்த்தால் 35 வரும். அந்த எஞ்சினுக்கு இது ஒன்றுமே இல்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். டர்போ இல்லாத பழைய 2.8 டீசல் என்றால் அங்கே மெல்லிய காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விடும். டர்போ இருப்பதால் வீகோவுக்கு அவ்வளவு இழப்பு இல்லை.

இறக்கம்தான் விஷயம். நுவரெலியாவில் இருந்து ரம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கினால் 1,300 மீட்டருக்கு மேல் கீழே வருகிறோம். 900 கிலோ ட்ரெய்லர் அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிவிடும் சக்தி, முப்பது லீற்றருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். ட்ரெய்லர் மட்டும் இவ்வளவு. ஆட்களும் சாமானும் ஏறிய வண்டியின் எடை அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். இந்தச் சூடு முழுவதையும் எஞ்சினும் பிரேக்கும் காற்றும்தான் பங்குபோட வேண்டும். எடையை இரட்டிப்பாக்கினால் ஏற்றத்தில் மெதுவாகப் போய்ச் சமாளிக்கலாம், இறக்கத்தில் மெதுவாகப் போனாலும் அந்த மொத்தச் சூடு குறையாது. மரக்கறி லொறி ஓட்டும் அண்ணன்மார் ரம்பொடையில் இரண்டாம் கியரைப் போட்டுவிட்டு, பின்னால் எத்தனை பேர் ஹோர்ன் அடித்தாலும் அசையாமல் இறங்குவார்கள். அவர்களிடம்தான் நான் இறக்கம் ஓட்டக் கற்றேன்.

அடுத்தது, வண்டி தன் முதுகில் தாங்கும் எடை. இதற்கு சி.ஆரை (வண்டியின் பதிவுச் சான்றிதழை) எடுத்துப் பார்த்தாலே போதும், வெற்று எடையும் மொத்த எடையும் அதில் இருக்கின்றன. என் வண்டிக்கு மொத்தம் 2,730. டீசல் நிரப்பி, பின்கூண்டோடு கல்லுக் குவாரி எடைப்பாலத்தில் ஏற்றியபோது 1,920 காட்டியது. மிச்சம் 810. குடும்பம் நான்கு பேர் 270, பின்பெட்டியில் சாமான் 180. கடைசியில் 360 கிலோ மிஞ்சுகிறது. ட்ரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் இருக்கும் பந்தின் மேல் இறங்கும் பாரம் இந்த 360-இல் இருந்துதான் கழிய வேண்டும். இழுக்கும் திறன் என்று தனியாக ஓர் எண் இருப்பதால் பலர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

பெட்டி எட்டடி நீளம், ஒரு ப்ளைவுட் தகட்டின் அளவு. அகலம் வண்டியின் அகலத்தைத் தாண்டவில்லை. தோட்டத்து ரோட்டில் எதிரே கொழுந்து லொறி வந்தால் ஒதுங்க இடம் வேண்டுமே. சுவருக்கு 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் போடலாம் என்றார் வெல்டிங் பாஸ் (மேஸ்திரி). ஒரு தகடு 20 கிலோவுக்கு மேல் வரும். 1.2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு பத்துக் கிலோகூட இல்லை. சட்டத்தின் மேல் அலுமினியம், படுக்கைக்கு மட்டும் பலகை என்று பேசி முடித்தோம். பந்தில் இருந்து அச்சு வரை 2.4 மீட்டர்.

எல்லாவற்றையும் ஏற்றி நிறுத்தபோது ட்ரெய்லர் 860 கிலோ. பந்தின் மேல் எவ்வளவு இறங்குகிறது என்பதை எடைப்பாலத்தில் நம்பிப் பார்க்க முடியாது, பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டுகிறது. அதனால் வீட்டில் ஆள் நிறுக்கும் தராசையே எடுத்தேன். ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடிய தடித்த பலகை. ஒரு முனை கல்லின் மேல் கிடத்திய குழாயில், அதிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளித் தராசின் மேல் கிடத்திய இன்னொரு குழாயில் மறு பக்கம். ட்ரெய்லரின் மூக்கு, அதாவது பந்தில் மாட்டும் முன்முனை, கல் பக்கத்துக் குழாயில் இருந்து சரியாக 50 சென்ரிமீட்டரில் உட்கார வேண்டும். தராசு காட்டுவதில் பலகையின் எடைக்கு உரியதைக் கழித்துவிட்டு மூன்றால் பெருக்கினால் போதும். ஒரு விஷயம் முக்கியம்: மூக்கு, வண்டியில் மாட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். மூக்கைக் கொஞ்சம் தூக்கினாலே பாரம் பின்னுக்குச் சாய்ந்து எண் குறைந்துவிடும்.

42 கிலோ வந்தது. மொத்தத்தில் ஐந்து சதவீதத்துக்கும் கீழே. பொதுவாகப் பத்து முதல் பதினைந்து சதவீதம் வேண்டும் என்பார்கள். மூக்கு லேசாக இருந்தால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும், இறக்கத்தில் அது இன்னும் மோசம்.

"தம்பி, அச்ச வெட்டி பத்து சென்ரிமீட்டர் பின்னுக்குத் தள்ளிருவோமா?" என்றார் பாஸ். அவர் சொன்னது சரியான வழிதான், மூக்கில் முப்பது கிலோ கூடியிருக்கும். "மொதல்ல சாமான மாத்திப் பாப்போம் அண்ணே, சரிவராட்டி வெட்டுவோம்" என்றேன். பின்சுவரில் தொங்கிய உதிரிச் சக்கரம் 25 கிலோ. அதை அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் கொண்டுவந்ததில் 23 கிலோ கூடியது. 28 கிலோ பற்றரியைப் பின்மூலையில் இருந்து முன்சுவருக்கு மாற்றியதில் இன்னொரு 24. இப்போது 89 கிலோ, பத்துச் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. தண்ணீர்த் தாங்கி நேராக அச்சுக்கு மேலேயே இருக்கிறது. நிறைந்தாலும் காலியானாலும் மூக்கின் பாரம் அசையாது.

அந்த 89 கிலோ வண்டியின் பின்அச்சில் 89 ஆக இறங்குவதில்லை. பந்து பின்அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, வீகோவின் இரு அச்சுகளுக்கும் இடையே 3.085 மீட்டர். நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கிவிடும். முன்அச்சில் 35 கிலோ குறைந்து, பின்அச்சில் 124 கூடுகிறது. ஸ்டியரிங்கில் அது தெரியும். அதனால் பின்பெட்டியில் இருந்த கருவிப் பெட்டியையும் காஸ் சிலிண்டரையும் கெபினை ஒட்டி முன்னுக்குத் தள்ளி வைத்தேன்.

ஓட்டிப் பார்க்க அட்டனில் இருந்து வட்டவளை, கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்கும் ரோட்டைத்தான் தெரிந்தெடுத்தேன். ட்ரெய்லரில் இருப்பது ஓவர்ரன் பிரேக். வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னுக்குத் தள்ளும், அந்தத் தள்ளலே கம்பியை இழுத்துப் பிரேக் பிடிக்கும். ஒதுங்க இடம் கிடைத்த இடங்களில் நிறுத்தி, தொடாமல் சூடு பார்க்கும் வெப்பமானியால் அளந்தேன். மூன்றாம் கியரில் இறங்கியபோது வண்டியின் முன் பிரேக் டிஸ்க் 210 பாகை, ட்ரெய்லரின் பிரேக் ட்ரம் 150. பிறகு அதே இறக்கத்தில் இரண்டாம் கியர். டிஸ்க் 120-க்கு இறங்கிவிட்டது. ட்ரம்மோ 135-லேயே நின்றது.

இதுதான் இவ்வளவு வேலையிலும் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தினாலும் ட்ரெய்லர் பந்தைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. அதற்கு எஞ்சினும் ஒன்றுதான், கால் பிரேக்கும் ஒன்றுதான். ஆக கியரைக் குறைத்தால் வண்டியின் பிரேக் தப்புகிறது, ட்ரெய்லரின் பிரேக் இறக்கம் முழுவதும் பிடித்தபடியே வருகிறது. 900 கிலோவில் 135 பாகை என்றால் 1,800 கிலோ ட்ரெய்லரில் அந்த ட்ரம் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சின்னதாகக் கட்டியதில் எனக்கு இப்போது முழுத் திருப்தி.

ஏற்றத்தில் ஒரே சிரமம், கூர்வளைவில் எதிரே பஸ் வந்து நின்று மறுபடி எடுக்கும்போதுதான். கிளட்ச் மணக்கத் தொடங்கும். லோ ரேஞ்ச் (நான்கு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் மெது கியர்) போட்டால் சுலபமாக எடுக்கும், ஆனால் காய்ந்த தார் ரோட்டில் முன்அச்சும் பின்அச்சும் சேர்ந்து பூட்டிய அந்த நிலையில் வளைவைத் திருப்பக்கூடாது, சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டுகள் முறுக்கேறும். வளைவுக்கு முன்னாலேயே பொறுத்து நின்று, பஸ்ஸை விட்டுவிட்டுப் போவது நல்லது.

அடுத்த வேலை பிரேக்கை மாற்றுவது. ட்ரம்முக்குள் மின்காந்தப் பிரேக், டேஷ்போர்டில் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி. வண்டியின் பிரேக்கை மிதித்தாலோ, பெட்டியின் நெம்பைக் கையால் தள்ளினாலோ மட்டும்தான் ட்ரெய்லர் பிரேக் பிடிக்கும். எஞ்சின் பிடித்து இறங்கும்போது ட்ரம்முக்கு ஓய்வு கிடைக்கும். பழைய ட்ரம்மைக் கழற்றி அச்சின் முனை அளவை எடுத்தாயிற்று, பாஸும் பிரேக்கைப் பூட்டும் தகட்டுக்குத் துளை போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது பூட்டும் வரை எல்ல நகரில் இருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் ரோட்டுக்கு இந்த ட்ரெய்லரைக் கொண்டுபோக மாட்டேன். பூட்டிய பிறகு அதே கினிகத்தேனை இறக்கத்தில், அதே இரண்டாம் கியரில் மறுபடி அளந்துவிட்டு எண்களை எழுதுகிறேன்.